பழைய மட்டையா, புது மட்டையா? விறைப்பையும் ஃபீலையும் வீட்டிலேயே ஒப்பிட்டுப் பார்க்கும் முறை

நீலகிரியில் டென்னிஸ் ஆடுகிற வீடுகளில் பரணிலோ பீரோ மேலோ ஒரு பழைய மட்டை கிடக்கும். எஸ்டேட்டில் வேலை பார்த்த தாத்தா ஆடியதாக இருக்கும், இல்லையென்றால் குன்னூர் பக்கத்து வெலிங்டன் ராணுவ முகாமில் பணியாற்றிய மாமா விட்டுப்போனதாக இருக்கும். புதிதாக ஆடத் தொடங்கும் பிள்ளைகள் அதைத் தூக்கிக்கொண்டு வந்து கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "அண்ணா, பழைய மட்டையிலதான் ஃபீல் இருக்கும், புதுசெல்லாம் விறைப்புன்னு சொல்றாங்களே, உண்மையா?"

பாதி உண்மை. மீதியை நீங்களே அளந்து பார்த்துவிடலாம். சமையலறைத் தராசு, ஸ்கேல், பென்சில், கொஞ்சம் கயிறு, தண்ணீர் பாட்டில்கள், ஒரு செல்போன் போதும்.

விறைப்பு என்றால் என்ன

பந்து மட்டையில் பின்னிய நரம்பில் பட்டு விலக சுமார் 5 மில்லி விநாடிதான் ஆகிறது. அதற்குள் மட்டையின் சட்டம் பின்னால் வளைகிறது. அது திரும்பி நிமிரும்போது பந்து கிளம்பிப் போயிருக்கும். ஆக, சட்டம் வளையச் செலவான சக்தியில் பெரும்பகுதி பந்துக்குக் கிடைப்பதில்லை. விறைப்பான சட்டம் குறைவாக வளையும், அதனால் பந்து வேகமாகப் போகும். சட்டத்தின் விறைப்பை ஆர்ஏ என்ற எண்ணால் குறிப்பிடுகிறார்கள். இன்று விற்கும் மட்டைகளில் பெரும்பாலானவை 55க்கும் 72க்கும் இடையில் வரும். எண் கூடினால் விறைப்பு கூடுதல். ஒரு விஷயம்: நரம்பு கட்டியதும் இந்த எண் சில புள்ளிகள் இறங்கிவிடும். நரம்பு கட்டாத மட்டையின் எண்ணையும் கட்டிய மட்டையின் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காதீர்கள்.

ஃபீல் என்பது வேறு. எடை, நரம்பு, அதிர்வு, பந்து ஓரத்தில் பட்டால் மட்டை எவ்வளவு திரும்புகிறது, எல்லாம் சேர்ந்து கைக்கு வரும் உணர்வு அது. விறைப்பு அதில் ஒரு பங்கு மட்டுமே. இந்தக் கட்டுரையின் வேலையே அந்தப் பங்குகளைப் பிரித்துப் பார்ப்பதுதான்.

படி 1: கையில் இருப்பது எந்தக் காலத்து மட்டை?

மரமாக இருந்தால் 1980களின் தொடக்கத்துக்கு முந்தையது என்று வைத்துக்கொள்ளலாம். ராமநாதன் கிருஷ்ணன் 1960லும் 1961லும் விம்பிள்டன் அரையிறுதி வரை போனது மர மட்டைக் காலத்தில்தான். யானிக் நோவா 1983இல் பிரெஞ்சு ஓப்பனை மர மட்டையுடன் வென்றார். ஆண்கள் ஒற்றையரில் மர மட்டைக்குக் கிடைத்த கடைசி கிராண்ட்ஸ்லாம் அது. உலோக மட்டை என்றால் ஜிம்மி கானர்ஸ் ஆடிய வில்சன் டி2000 போன்றவை. 1976இல் பிரின்ஸ் பெரிய தலை கொண்ட மட்டையைக் கொண்டுவந்தது. 1980களில் கிராஃபைட், அதாவது கார்பன் இழை மட்டை பரவியது. 1987இல் வில்சன் புரொஃபைல் வந்தபோது சட்டமே தடித்தது, விறைப்பும் ஏறியது. 1994இல் வந்த பாபலாட் ப்யூர் டிரைவ் லேசான, விறைப்பான மட்டையை எல்லோர் கைக்கும் கொண்டுபோனது.

இப்போது குழப்பம் வரும் இடம். அமெரிக்க வீரர் பீட் சாம்ப்ராஸ் ஆடிய வில்சன் ப்ரோ ஸ்டாஃப் 85இன் விறைப்பு அறுபதுகளின் நடுவில் இருக்கிறது. 2019இல் வந்த வில்சன் கிளாஷ் 100க்கு அது 55 அளவில்தான். பழையதைவிடப் புதியதுதான் அதிகம் வளைகிறது! அப்படியானால் பழைய ப்ரோ ஸ்டாஃபில் ஆடியவர்கள் ஏன் அதன் ஃபீலைப் பற்றி இன்றும் உருகுகிறார்கள்? நரம்போடு 350 கிராமைத் தாண்டும் எடைதான் பெரிய காரணம். கனமான மட்டையைப் பந்து எளிதில் உலுக்க முடியாது, அதனால் கைக்கு வரும் அதிர்ச்சி குறைவு.

படி 2: உடம்பு நன்றாக இருக்கிறதா?

மர மட்டையைச் சமமான மேஜையில் படுக்க வையுங்கள். தலை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றால் கோணிவிட்டது என்று பொருள். நம் ஊர் ஈரத்தில் இது எளிதாக நடக்கும். அந்தக் காலத்தில் நான்கு திருகு வைத்த மரச் சட்டத்துக்குள் மட்டையை இறுக்கி வைத்தது இதற்காகத்தான். கோணிய மட்டையை ஒப்பீட்டில் சேர்க்காதீர்கள், சுவரில் மாட்டுங்கள். கிராஃபைட்டில் விரிசல் இருக்கிறதா என்று தலையின் உள்விளிம்பையும் கழுத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். நரம்பு நுழையும் பிளாஸ்டிக் குழல்கள் வெடித்திருந்தால் மாற்றாமல் நரம்பு கட்டக் கூடாது.

படி 3: எடையும் சமநிலையும்

தராசில் எடை போட்டு எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் பென்சிலின் மேல் மட்டையைக் குறுக்கே வைத்து, எந்த இடத்தில் சாயாமல் நிற்கிறது என்று பாருங்கள். பிடியின் அடியிலிருந்து அந்த இடம் வரை அளக்க வேண்டும். வழக்கமான மட்டை 68.5 சென்டிமீட்டர் நீளம், நடுப்புள்ளி 34.25. சமநிலைப் புள்ளி அதைவிடப் பிடிப்பக்கம் இருந்தால் தலை லேசு, எதிர்ப்பக்கம் இருந்தால் தலை கனம். பழைய கிராஃபைட் மட்டைகள் பல, மொத்த எடை கூடுதலாகவும் தலை லேசாகவும் இருக்கும். கையில் தூக்கினால் கனம் தெரியும், வீசினால் அவ்வளவாகத் தெரியாது.

படி 4: வளைத்துப் பார்ப்பது

மர மட்டைக்கு இது வேண்டாம், பழைய பசை விட்டுவிடலாம்.

பிடியை உறுதியான மேஜையின் ஓரத்தில் வைத்து, மேலே மரக்கட்டை வைத்து கிளாம்பால் இறுக்குங்கள். தலை வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும், நரம்புப் பரப்பு தரையைப் பார்க்கட்டும். மட்டையின் நுனியில் கயிறு கட்டி ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தொங்கவிட்டு, நுனி தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று எழுதுங்கள். பிறகு இன்னும் இரண்டு பாட்டில் சேர்த்து மீண்டும் அளங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் வேண்டியது. முதல் பாட்டில், கிரிப்பின் மென்மையை அமுக்கி உட்கார வைக்க மட்டுமே.

வித்தியாசம் சில மில்லிமீட்டர்தான் வரும். அதனால் நிதானமாக, ஒவ்வொரு மட்டைக்கும் சில தடவை அளந்து சராசரி எடுங்கள். எல்லா மட்டைகளையும் பிடியின் அதே இடத்தில் இறுக்குவது முக்கியம். ஒரு விரற்கடை தள்ளிப் பிடித்தாலும் கணக்கு மாறிவிடும். இதில் ஆர்ஏ எண் கிடைக்காது, ஆனால் எது எதைவிட விறைப்பு என்பது தெரிந்துவிடும். பல வருடம் அடித்து ஆடிய கிராஃபைட் சட்டம் கொஞ்சம் தளர்ந்திருக்கும். உங்கள் பழைய மட்டை கேட்லாக் எண்ணைவிட மென்மையாகத் தெரிந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

படி 5: தட்டிக் கேட்பது

பிடியின் அடியிலிருந்து சுமார் 15 சென்டிமீட்டர் மேலே இரு விரலால் லேசாகப் பிடித்து, தலை கீழே தொங்கும்படி விடுங்கள். டேம்பர் (அதிர்வை அடக்க நரம்பில் செருகும் சின்ன ரப்பர்) இருந்தால் கழற்றிவிடுங்கள். இன்னொருவர் நரம்புகளின் மேல் கையை வைத்து அவற்றின் ஒலியை அடக்கட்டும். சட்டத்தின் கழுத்தை விரல் முட்டியால் தட்டினால் ஒரு தாழ்ந்த ரீங்காரம் கேட்கும். கிட்டார் சுருதி பார்க்கும் ஆப் அதை எண்ணாகக் காட்டும். கிராஃபைட் மட்டைகளுக்குப் பெரும்பாலும் 120க்கும் 180க்கும் இடைப்பட்ட ஹெர்ட்ஸ். விறைப்பும் லேசும் சேர்ந்தால் எண் ஏறும், மென்மையும் கனமும் சேர்ந்தால் இறங்கும்.

படி 6: நரம்பைச் சமப்படுத்துவது

இதைச் செய்யாமல் விட்டால் மேலே செய்த எல்லாம் வீண். பரணில் கிடந்த மட்டையின் நரம்பு எப்போதோ தளர்ந்திருக்கும். தளர்ந்த நரம்பு எந்த மட்டையையும் மென்மையாகக் காட்டும். அதை நேற்று வாங்கிய மட்டையோடு ஒப்பிட்டுவிட்டு "பழசுதான் ஃபீல்" என்றால், அந்தப் பாராட்டு சட்டத்துக்குச் சேராது.

இரண்டிலும் ஒரே வகை சிந்தெடிக் நரம்பு, ஒரே தடிமன், ஒரே நாளில் கட்டச் சொல்லுங்கள். கோயம்புத்தூர் போகிறவர்களிடம் கொடுத்து அனுப்பினால் இரண்டையும் சேர்த்தே கொடுங்கள். பாலியெஸ்டர் வேண்டாம். அது கடினமாக இருப்பதால் சட்டங்களின் வித்தியாசத்தையே மறைத்துவிடும், முழங்கைக்கும் நல்லதல்ல. மாட்டுக் குடலில் செய்யும் இயற்கை நரம்பு அருமையானது, ஆனால் மழைக்காலப் பனிமூட்டம் அதற்கு எதிரி. சிறிய தலைக்கு 100 சதுர அங்குலத் தலையைவிட சில பவுண்டு இழுவிசை குறைத்துக் கட்டச் சொல்லுங்கள். ஒரே இழுவிசையில் கட்டினால் சிறிய தலையின் நரம்புப் பரப்பு பலகை மாதிரி இறுகித் தெரியும்.

படி 7: கோர்ட்டில்

மலையில் ஆடுகிறோம் என்பதை இங்கே மறக்கக் கூடாது. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம், குன்னூர் சுமார் 1,850. கடல் மட்டத்திலிருந்து 1,219 மீட்டருக்கு மேல் ஆடுவதற்கென்றே சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பின் விதிகளில் தனிப் பந்து வகை உண்டு. காற்று மெலிந்திருப்பதால் பந்து குறைவாகத் தடைபடும். வெளிக்காற்றின் அழுத்தமும் குறைவு என்பதால், சமவெளிக்குச் செய்த பந்து இங்கே உள்ளே இன்னும் இறுகி, உயரமாகத் துள்ளும். இன்டர்நெட்டில் சென்னைக்காரர் ஒருவர் "இந்த மட்டையில் கட்டுப்பாடு அபாரம்" என்று சொன்னால், குன்னூரில் அதே மட்டை பந்தைக் கோட்டுக்கு வெளியே அனுப்பலாம். மட்டையின் மேல் குறையில்லை.

அதிகாலைக் குளிரில் சோதிக்காதீர்கள். குளிர்ந்த பந்து மந்தமாக இருக்கும், மட்டை மேல்தான் பழி விழும். வெயில் ஏறிய பிறகு, மதிய மூட்டம் இறங்குவதற்குள், புதிதாகத் திறந்த ஒரே டப்பா பந்துகளோடு ஆடுங்கள். சிறிது நேரம் ஒன்று, சிறிது நேரம் மற்றது, அப்புறம் வரிசையை மாற்றி மறுபடியும்.

முதலில் வலையருகே வாலி, அதாவது பந்து தரையில் படுமுன் அடிப்பது. வீச்சு குறைவு என்பதால் சட்டத்தின் குணம் அங்கேதான் தெளிவாகத் தெரியும். பிறகு மெதுவாக மாறி மாறி அடிக்கும் ராலி, கடைசியில் முழு வீச்சு. சில பந்துகளை வேண்டுமென்றே நடுவைவிட்டு விளிம்பருகே அடியுங்கள். பழைய சிறிய தலை கையில் திரும்பும், புதிய பெரிய தலை பொறுத்துக்கொள்ளும். என்னைப் பொறுத்தவரை தொடக்கக்காரருக்கு இந்த ஒரு வித்தியாசம் விறைப்பைவிடப் பெரிது. கைக்கு வந்த உணர்வை அங்கேயே ஒருவரை எழுதச் சொல்லுங்கள். மறுநாள் முழங்கை எப்படி இருக்கிறது என்பதையும் அதே தாளில் சேருங்கள்.

படி 8: எழுதியதை வைத்து முடிவெடுப்பது

பழையது பிடித்திருக்கிறது, ஆனால் வளைவு அளவில் பெரிய வித்தியாசம் இல்லையென்றால், உங்களுக்குப் பிடித்தது எடை. புது மட்டையிலேயே அதைக் கொண்டுவரலாம். சாதாரண கிரிப்பை எடுத்துவிட்டுத் தோல் கிரிப் போட்டால் பிடிப்பக்கம் எடை கூடும். தலையின் இரு பக்கவாட்டிலும் ஈய டேப்பைச் சமமாக ஒட்டினால் மட்டை திரும்புவது குறையும். ஒரே சமயத்தில் இரண்டையும் செய்யாதீர்கள், எது வேலை செய்தது என்று தெரியாமல் போய்விடும். வளைவு அளவிலேயே தெளிவான வித்தியாசம் இருந்து, மென்மையானதுதான் கைக்கு இதம் என்றால், டேப் ஒட்டி அதைச் சரிக்கட்ட முடியாது. அடுத்த மட்டை வாங்கும்போது 60க்குக் கீழ் ஆர்ஏ உள்ளதைக் கேளுங்கள். அதுவரை கையிலிருக்கும் விறைப்பான மட்டையில் நரம்பை இரண்டு பவுண்டு தளர்த்திக் கட்டி ஆடலாம். நம் உயரத்தில் அதற்கு மேல் தளர்த்தினால் பந்து பறந்துவிடும்.