கல்லூரியில் மொழி மையம்: முதலில் பஸ் நேரத்தைப் பாருங்கள்

கல்லூரியில் வெளிநாட்டு மொழி மையம் தொடங்கலாம் என்று நிர்வாகம் தலையசைத்த மறுநாளே வந்து நிற்பவர் கட்டட ஒப்பந்ததாரர். அவர் பின்னாலேயே லேப் மென்பொருள் விற்கிறவர் வருவார். இருவரையும் ஆறு மாதம் காத்திருக்கச் சொல்லலாம், ஒன்றும் குடிமுழுகிவிடாது. முதலில் மேசைக்கு வர வேண்டியவை இரண்டு தாள்கள்: கல்லூரியின் கால அட்டவணை, கல்லூரிப் பேருந்துகள் புறப்படும் நேரம்.

கடைசி பஸ் 3.45-க்குக் கிளம்பும் கல்லூரியில் 4 மணிக்கு ஜெர்மன் வகுப்பு வைத்தால், மூன்றாவது வாரம் விடுதி மாணவர்கள் மட்டும்தான் மிஞ்சுவார்கள். ‘மாணவர்களுக்கு ஆர்வமில்லை’ என்று ஆண்டு இறுதியில் அறிக்கை போகும். ஆர்வம் இருந்தது, ஊருக்குப் போக வண்டிதான் இல்லை. இதற்கு மூன்று வழிகள் உண்டு. விருப்பப் பாடமாகக் கால அட்டவணைக்குள்ளேயே நுழைப்பது சிறந்தது. முடியாவிட்டால் முதல் பாடவேளைக்கு முன் 45 நிமிடம் ஒதுக்கி, அதற்கேற்ப பஸ்ஸை முன்கூட்டி எடுக்கச் சொல்வது. அதுவும் முடியாவிட்டால், பதிவுசெய்தவர்களை ரூட் வாரியாக எண்ணி, ஆள் அதிகமுள்ள இரண்டு ரூட்டுக்கு மட்டும் மாலை 5.30-க்கு ஒரு வண்டி கேட்பது. ஷிப்ட் முறைக் கல்லூரி என்றால் காலை ஷிப்ட் முடிந்து மாலை ஷிப்ட் தொடங்குவதற்கு இடையிலுள்ள நேரம் பொன் போன்றது. அந்த நேரத்தில் காலியாக இருக்கும் அறைகளை முதலில் கேட்டு வாங்குங்கள்.

மணிக்கணக்கு

ஐரோப்பிய மொழித் தர அளவில் ஏ1 தொடக்க நிலை; ஏ2, பி1, பி2 அதற்கு மேலுள்ள படிகள். ஜெர்மன் ஏ1 நிலைக்கு 45 நிமிடப் பாடவேளைகள் 80 முதல் 200 வரை தேவை என்று, ஜெர்மன் கற்பித்துத் தேர்வும் நடத்தும் கோதே நிறுவனமே சொல்கிறது. ஒரு பருவத்தில் 90 வேலை நாள். உள்மதிப்பீட்டுத் தேர்வு, விளையாட்டு விழா, மழை விடுமுறை எல்லாம் கழித்தால் கைக்கு வருவது 15 வாரம். வாரம் 4 பாடவேளை என்றால் 60தான், குறைந்தபட்ச அளவைக்கூடத் தொடவில்லை. வாரம் 6 வைத்தால் ஒரு பருவத்துக்கு 90, இரண்டு பருவத்துக்கு 180. ஆக, ‘இரண்டு பருவத்தில் ஏ1’ என்பதுதான் நாணயமான வாக்குறுதி. ‘ஒரே பருவத்தில் ஏ2’ என்று விளம்பரப் பலகை வைத்தால், அது தேர்வு முடிவு வரும் நாள்வரைதான் நிற்கும். பல்கலைக்கழக மானியக் குழுவின் கணக்கில் 15 மணி நேரம் ஒரு கிரெடிட். 45 நிமிடப் பாடவேளை 90 என்றால் 67.5 மணி நேரம், அதாவது பருவத்துக்கு 4 கிரெடிட் கொடுக்கலாம்.

ஜப்பானிய மொழித் தேர்வான ஜேஎல்பிடி ஜூலை, டிசம்பர் மாதங்களின் முதல் ஞாயிறு நடக்கும். ஜூன் கடைசியில் தொடங்கும் வகுப்புக்கு டிசம்பர் எட்டும் தூரத்தில் இருப்பதுபோல்தான் தெரியும். ஆனால் நவம்பரில் பருவத் தேர்வு குறுக்கே வரும். எனவே ஜேஎல்பிடியின் தொடக்க நிலையான என்5 பாடத்தை அக்டோபர் கடைசிக்குள் முடித்துவிட்டு, நவம்பரில் மாதிரித் தேர்வுகள் மட்டும் வையுங்கள். விண்ணப்பப் பதிவு தேர்வுக்குச் சில மாதம் முன்பே மூடிவிடும். அந்தத் தேதியைத் துறை நாட்காட்டியில் சிவப்பு மையில் எழுதி வைப்பது நல்லது. தென்மாவட்டக் கல்லூரிகளுக்கு இன்னொன்று: தேர்வு மையம் பெரும்பாலும் சென்னையில் இருக்கும். ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கிறது. சனி இரவு ரயிலில் ஏற்றி, தூங்காத கண்ணோடு ஞாயிறு காலை கேட்டல் தேர்வில் உட்கார வைக்காதீர்கள். வெள்ளி இரவே கிளம்ப வேண்டும். தங்குமிடச் செலவையும் பட்ஜெட்டில் சேருங்கள்.

எந்த மொழி?

எத்தனை மொழி வைத்திருக்கிறோம் என்பது பெருமைக்குத்தான் உதவும். முதல் இரண்டு ஆண்டுக்கு இரண்டு மொழி போதும். உங்கள் மாணவர்கள் எங்கே போகிறார்கள் என்பதிலிருந்து பின்னோக்கி வாருங்கள். செவிலியர் கல்லூரி என்றால் ஜெர்மன். ஜெர்மனியில் பதிவு பெற்ற செவிலியராகப் பொதுவாக பி2 தேவை. ஏ1-உடன் நிறுத்தும் மையத்தால் அவர்களுக்குப் பயனில்லை. ஜப்பானில் ‘குறிப்பிட்ட திறன்’ (Specified Skilled Worker) என்ற விசாவில் வேலைக்குப் போக, என்5-க்கு அடுத்த படியான என்4 அல்லது ஜேஎஃப்டி பேசிக் என்ற அடிப்படை ஜப்பானியத் தேர்வு கேட்பார்கள்.

தேர்வின் இயல்பும் பாடத்தைத் தீர்மானிக்கும். கோதே ஏ1-க்கு 100-க்கு 60 வேண்டும். பிரெஞ்சு மொழிச் சான்றிதழ்த் தேர்வான டெல்ஃபில் 100-க்கு 50 போதும், ஆனால் எந்தப் பகுதியிலும் 25-க்கு 5-க்குக் கீழே போகக் கூடாது. என்5-க்கு 180-க்கு 80, அதில் கேட்டலில் குறைந்தது 60-க்கு 19. ஜேஎல்பிடியில் பேச்சுத் தேர்வே கிடையாது. அதனால் சான்றிதழ் வாங்கியும் நேர்காணலில் தன் பெயர், ஊர் சொல்லத் திணறுகிறவர்கள் உண்டு. மாதம் ஒருமுறை ஆளுக்கு 5 நிமிட வாய்மொழித் தேர்வை மையமே நடத்தட்டும்.

ஜப்பானியம், கொரியம் இரண்டையும் தமிழ் வழியாகக் கற்பிக்கும் ஆசிரியர் கிடைத்தால் விடாதீர்கள். ‘வதாஷி வா ஹோன் ஓ யோமிமாசு’ என்ற வாக்கியத்தை ‘நான் புத்தகத்தை வாசிக்கிறேன்’ என்று வரிசை மாறாமல் அடியில் எழுதிக் காட்டலாம். ‘ஓ’ நிற்கும் இடத்தில் நம் ‘ஐ’ உருபு, வினை கடைசியில். ஆங்கில வழியாகப் போனால் இதே வாக்கியத்தைத் தலைகீழாகப் புரட்டி விளக்க வேண்டியிருக்கும்.

அறை

புதுக் கட்டடம் தேவையில்லை. 24 பேருக்கு 9 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம், 3.3 மீட்டர் உயரமுள்ள சாதாரண வகுப்பறை போதும். அது சாலை ஓரத்தில் இருக்கக் கூடாது. ஆனால் சிமெண்ட் பூச்சும் டைல்ஸும் போட்ட நம் வகுப்பறைகளில் எதிரொலி அதிகம். மொழி வகுப்பைக் கெடுப்பதில் இதற்கு இணை வேறில்லை. ஜெர்மனில் பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் ‘டெம்’முக்கும் ‘டென்’னுக்கும் வித்தியாசம் சொல்லின் கடைசி மெய்யில்தான் இருக்கிறது, முந்தைய அசையின் எதிரொலி அதை விழுங்கிவிடும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். எதிரொலி நேரம், அதாவது ஒலி நின்றபின் அதன் எதிரொலி அடங்க எடுக்கும் வினாடிகள், என்பது 0.161-ஐ அறையின் கன அளவால் பெருக்கி, ஒலி உறிஞ்சும் பரப்பால் வகுத்தால் வருவது. இந்த அறை 208 கன மீட்டர். வெறும் சுவர், தரை, கூரை சேர்ந்து 7 சதுர மீட்டர் அளவுக்குத்தான் உறிஞ்சும்; 24 பேர் உட்கார்ந்தால் ஏறக்குறைய 17. அப்போது எதிரொலி நேரம் 2 வினாடி. வகுப்பறைக்கு ஏற்றது 0.6. உறிஞ்சுதிறன் 0.7 உள்ள ஒலித்தடுப்புப் பலகைகளைக் கூரை முழுக்க, 63 சதுர மீட்டருக்கும் பொருத்தினால் உறிஞ்சும் பரப்பு 59 ஆகி, நேரம் 0.57-க்கு இறங்கிவிடும். ஜிப்சம் பலகையைப் ‘ஃபால்ஸ் சீலிங்தானே’ என்று மாற்றிப் போட்டுவிடுவார்கள். அது பார்க்க அழகு, ஆனால் ஒலியை அப்படியே திருப்பி அடிக்கும். பில்லில் உறிஞ்சுதிறன் எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கடகடக்கும் பழைய மின்விசிறிகளையும் அன்றே மாற்றுங்கள்.

இருக்கைக்கு இருக்கை தடுப்புப் போட்ட மொழி லேப் வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. உரிமம் காலாவதியாகி, ஏஎம்சி (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) புதுப்பிக்காமல், ஆய்வுக் குழு வரும் நாளில் மட்டும் திறக்கப்படும் லேப்கள் ஊருக்கு ஊர் உண்டு. நகர்த்தக்கூடிய நாற்காலிகள், 12 மடிக்கணினி, இருவருக்கு ஒன்று; அதுவே போதும். ஹெட்செட் மட்டும் 24-உடன் 4 உபரி வாங்குங்கள், காது முழுதும் மூடும் வகை, யுஎஸ்பி கம்பியுடன். நம் வெயிலில் முதலில் பொத்தலாவது காதுறைதான், அது தனியாகக் கிடைக்கும் மாடலா என்று கேளுங்கள். கணினிகளில் ஜெர்மன், ஜப்பானிய விசைப்பலகை அமைப்புகளை முதல் நாளே நிறுவாவிட்டால், மாணவர்கள் ä, ö, ü என்ற உம்லாட் எழுத்துகளை இணையத்தில் தேடி நகலெடுத்தே பருவத்தை ஓட்டுவார்கள்.

ஆசிரியர்

ஒருவருக்கு வாரம் 18 பாடவேளைக்கு மேல் கொடுக்காதீர்கள். அதாவது மூன்று குழு. திருத்தும் வேலை வேறு இருக்கிறது. மணிக்கு இவ்வளவு என்று கௌரவ விரிவுரையாளராக எடுத்தால், தனியார் பயிற்சி நிறுவனங்களில் தேர்வு நெருக்கடி வரும் மாதத்தில் பாதியில் போய்விடுவார். ஒப்பந்தம் பருவ முடிவோடு அல்ல, சான்றிதழ்த் தேர்வுத் தேதியோடு முடியட்டும். மாதிரி வகுப்பில் பார்க்க வேண்டியது ஒன்றே: 20 நிமிடத்தில் ஆசிரியர் எத்தனை நிமிடம் பேசினார். பாதிக்கு மேல் என்றால் யோசியுங்கள்.

வெளிநாட்டுப் பல்கலையோ அமைப்போ பணமோ கருவியோ தர முன்வந்தால், வாங்கும் முன் உங்கள் அறக்கட்டளைக்கு வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டப் பதிவு இருக்கிறதா என்று கணக்காளரைக் கேளுங்கள். பொருளாக வந்தாலும் அச்சட்டம் பொருந்தும்.

வெளிநாட்டு உதவி மேசை

தனி அறை வேண்டாம். ஒரு மேசை, பூட்டுள்ள அலமாரி, பொறுப்பான ஒருவர். கடவுச்சீட்டு, மதிப்பெண் பட்டியல் சான்றொப்பம், அப்போஸ்டில் (வெளிநாட்டில் செல்லுபடியாக ஆவணத்தில் அரசு இடும் முத்திரை) ஆகியவற்றுக்கு எங்கே போக வேண்டும் என்று ஒரு பக்கத் தாள் தயாராக இருக்கட்டும். ஜெர்மனியில் படிக்க விண்ணப்பிக்கும் இந்திய மாணவர்களுக்கு 2022 நவம்பர் முதல் ஏபிஎஸ் சான்றிதழ் (கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரப்படுவது) கட்டாயம். இறுதியாண்டில் விழித்துக்கொண்டால் சேர்க்கை கைநழுவும். கமிஷன் வாங்கும் ஏஜெண்டுகளுக்கு இந்த மேசையில் இடம் கொடுக்காதீர்கள், இலவசக் கருத்தரங்கு என்று வந்தாலும்.

காணொளியில் வெளிநாட்டு வகுப்போடு பேச வைக்கும்போது நேரத்தைக் கவனியுங்கள். ஜப்பான் நமக்கு 3.30 மணி நேரம் முன்னால். நம் காலை 10 அவர்களுக்குப் பிற்பகல் 1.30. ஜெர்மனி குளிர்காலத்தில் 4.30 மணி நேரம் பின்னால், கோடையில் 3.30. மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிறுகளில் அங்கே கடிகாரத்தை மாற்றுகிறார்கள். பகல் 2 மணிக்கு வழக்கமாக இணைந்த வகுப்பு ஏப்ரலில் 1 மணிக்கே அழைக்கும். நம் பிள்ளைகள் அப்போது மெஸ்ஸில் வரிசையில் நிற்பார்கள்.