ட்ரையல்ஸ் சைக்கிளுக்கு டிஸ்க் பிரேக்: எதை வாங்குவது, எப்படிப் பொருத்துவது

ட்ரையல்ஸ் ஓட்டத்தில், அதாவது கால் ஊன்றாமல் பாறை போன்ற தடைகளைச் சைக்கிளில் தாண்டும் விளையாட்டில், பிரேக் வேகத்தைக் குறைப்பதற்காக அல்ல, சக்கரத்தை அசையாமல் பிடித்து நிறுத்துவதற்காக. பின் சக்கரத்தில் மட்டும் நின்று குதிக்கும்போது வண்டி முன்னாலும் உருளக் கூடாது, பின்னாலும் உருளக் கூடாது. வேகமே இல்லாததால் டிஸ்க் அவ்வளவாகச் சூடேறாது. மலைப்பாதை சைக்கிளுக்குச் சொல்லப்படும் பிரேக் யோசனைகளில் பாதி இங்கே உதவாமல் போவதற்கு இதுதான் காரணம்.

வண்டி தாங்குமா?

ஃபிரேமிலும் ஃபோர்க்கிலும் கேலிப்பர் (டிஸ்க்கை இரு பக்கமும் பேடுகளால் கவ்வும் பகுதி) மாட்டுவதற்கான இடம் வார்ப்பிலோ வெல்டிங்கிலோ இருந்தே ஆக வேண்டும். கிளாம்ப் போட்டு இறுக்கும் பிராக்கெட்டுகளை நம்ப வேண்டாம். பூட்டிய டிஸ்க்கின் முழு விசையும் அங்கேதான் விழும்.

அடுத்து ஸ்போக்ஸ். ரிம் பிரேக் நேராக ரிம்மையே பிடிக்கிறது. டிஸ்க்கோ சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பைப் பிடிக்கிறது. அங்கிருந்து ரிம்முக்கு விசையைக் கொண்டுபோவது ஸ்போக்ஸ்தான். ஸ்போக்ஸ் குறுக்கே பின்னப்படாமல் நேராகப் போகும் சக்கரத்தில் டிஸ்க் போடவே கூடாது. 32 ஸ்போக்ஸ், மூன்று குறுக்குப் பின்னல், நல்ல இறுக்கம் இருந்தால் கவலையில்லை. ஸ்போக்ஸ் தளர்ந்திருந்தால் பிரேக் பூட்டியிருந்தும் வண்டி ரப்பர் மாதிரி லேசாக முன்பின் ஆடும். முன்னால் டிஸ்க், பின்னால் மகுரா எச்.எஸ்.33 போன்ற ஹைட்ராலிக் ரிம் பிரேக் என்று பலர் ஓட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம். 20 அங்குல வண்டியில் ஸ்போக்ஸ் குட்டையானவை என்பதால் பின் டிஸ்க் அதிகம் தொல்லை தராது.

எதை வாங்குவது?

20 அங்குல வண்டிக்கு 160 மி.மீ. ரோட்டர், அதாவது டிஸ்க் தகடு, போதும். 26 அங்குலத்தில் முன்னால் 180, பின்னால் 160. 160-ஐ 180 ஆக்கினால் பிடிமானம் எட்டில் ஒரு பங்கு கூடும், ஆனால் ஃபோர்க் எந்த அளவு வரை அனுமதிக்கிறது என்று பார்த்த பிறகே மாற்ற வேண்டும். ஓரம் நெளிநெளியாகவும் பெரிய ஓட்டைகளோடும் இருக்கும் ரோட்டரைத் தவிருங்கள். மெதுவாக உருளும்போது பிடி விட்டுவிட்டு வருவது அதில் தெரியும்.

பேடு விஷயத்தில் தயக்கமே வேண்டாம்: ஆர்கானிக், அதாவது ரெசின் பேடு. சிண்டர்டு பேடு, அதாவது உலோகத் தூள் பேடு, சூடேறிய பிறகே நன்றாகப் பிடிக்கும். நமக்கு அந்தச் சூடு கிடைக்கப் போவதில்லை. ஆர்கானிக் சீக்கிரம் தேயும். அது இந்த ஓட்டத்துக்கான விலை.

திரவ அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக்கே நல்லது. பட்ஜெட் இடிக்கிறது என்றால் ஆவிட் பி.பி.7 கேபிள் பிரேக்கும் தாங்கும், ஆனால் சாதாரண கேபிள் உறை போதாது. அழுத்தினாலும் சுருங்காத உறை வாங்க வேண்டும். ஹைட்ராலிக்கில் எந்தத் திரவம் என்று வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். ஷிமானோவுக்கும் மகுராவுக்கும் மினரல் ஆயில், ஹோப்புக்கு டாட் வகை பிரேக் திரவம். ஒன்றில் மற்றதை ஊற்றினால் சீல் கெட்டு முழு பிரேக்கும் வீண். டாட் 5.1 இருக்க வேண்டிய இடத்தில் டாட் 5 ஊற்றாதீர்கள். எண் நெருக்கமாக இருந்தாலும் அது சிலிக்கான் வகை.

பொருத்துதல்

கை சுத்தமாக இருக்கட்டும். ரோட்டரை ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, அதன் மேலுள்ள அம்பு சக்கரம் சுற்றும் திசையைக் காட்டும்படி ஹப்பில் வையுங்கள். ஆறு டி25 போல்ட்டுகளுக்கும் நீல நிற திரெட் லாக் (போல்ட் தளராமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு. எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். இறுக்கத்தின் அளவு பெரும்பாலான ரோட்டர்களுக்கு 4 முதல் 6 நியூட்டன் மீட்டர்; ஷிமானோ 2 முதல் 4 என்கிறது. ரோட்டரோடு வந்த தாளில் இருக்கும் எண்ணே கடைசிப் பேச்சு.

கேலிப்பர் உட்காரும் இடத்தில் பெயின்ட் திட்டுத்திட்டாக இருந்தால் சுரண்டி எடுங்கள். இல்லாவிட்டால் எப்படி இறுக்கினாலும் கோணலாகவே நிற்கும். பிறகு சக்கரத்தை முழுவதுமாக ஏற்றி அச்சை இறுக்குங்கள். கேலிப்பரின் இரண்டு போல்ட்டுகளும் தளர்வாக இருக்கட்டும். லீவரை அழுத்திப் பிடித்துக்கொண்டே மாறி மாறி 6 முதல் 8 நியூட்டன் மீட்டர் வரை இறுக்குங்கள். லீவரை விட்டுவிட்டு, கேலிப்பருக்குப் பின்னால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துப் பார்த்தால் ரோட்டரின் இரு பக்கமும் மெல்லிய வெளிச்சம் தெரிய வேண்டும். ஒரு பக்கம் மட்டும் உரசினால் போல்ட்டைத் தளர்த்திக் கையால் நகர்த்துங்கள். பி.பி.7-இல் கேபிள் பக்கத்து பேடு மட்டுமே நகரும், மற்றது அசையாது; அசையாததை ரோட்டரை ஒட்டி வைத்தால் பிடி கூர்மையாகும்.

ஹைட்ராலிக் திரவம் போகும் ஹோஸை வெட்டுவதற்கு முன் ஹேண்டில்பாரை இரு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பாருங்கள். குட்டையாக வெட்டினால் திரும்ப நீட்ட முடியாது. வெட்டிய பிறகு ஹோஸ் முனையில் புது ஆலிவ் (இறுக்கும் வளையம்), புது இன்சர்ட் (உள்ளே செருகும் குழாய்). ஏர் எடுக்கும்போது, அதாவது திரவத்திலுள்ள காற்றை வெளியேற்றும்போது, பேடுகளைக் கழற்றி வேறு அறையில் வையுங்கள். பேடுகளைத் தள்ளும் பிஸ்டன்களுக்கு நடுவே, அவை வெளியே வராதபடி பிளாக் வையுங்கள். லீவர் ஸ்பான்ஜ் மாதிரி அமுங்கினால் காற்று இன்னும் உள்ளேதான் இருக்கிறது.

லீவரை ஆள்காட்டி விரல் அதன் நுனி வளைவில் விழும்படி உள்பக்கம் தள்ளி வையுங்கள். ஒரு விரல் மட்டும்.

புது பேடு முதல் நாளில் பிடிக்காது. சரிவான பாதையில் ஓடவிட்டு, பூட்டாமல் இழுத்து இழுத்து இருபது முப்பது முறை வேகத்தைக் குறையுங்கள். நடுநடுவே ரோட்டரில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினால் பேடு சீக்கிரம் படியும்.

பிறகு வரும் தொல்லைகள்

பின் டிஸ்க்கில் அடிக்கடி மறக்கப்படுவது செயின். பின் அச்சு உட்காரும் இடம் கிடைமட்டத் தொளையாக உள்ள ஃபிரேமில் செயினை இறுக்கச் சக்கரத்தை நகர்த்தினால் ரோட்டரும் கூடவே நகரும். கேலிப்பர் இருந்த இடத்திலேயே இருக்கும். அதனால் ஒவ்வொரு முறை செயின் இறுக்கிய பிறகும் கேலிப்பரைத் திரும்பச் சரிபார்க்க வேண்டும்.

பிரேக் பூட்டி வண்டியை முன்பின் ஆட்டும்போது டக் என்று சத்தம் வந்தால் விரலை வைத்தே கண்டுபிடிக்கலாம். ஹெட்செட்டில் (ஃபோர்க் திரும்பும் பேரிங்கில்) ஆட்டமா, ரோட்டர் போல்ட்டா, ஹப் பேரிங்கா, கேலிப்பருக்குள் பேடா என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். பேடு லேசாக நகருவது சகஜம். மற்ற மூன்றும் சகஜமல்ல.

பிடி திடீரென்று குறைந்து ஊளைச் சத்தம் வந்தால் பெரும்பாலும் செயின் எண்ணெய்தான் காரணம். ரோட்டரை ஆல்கஹாலில் துடைத்து, மெல்லிய உப்புத்தாளால் லேசாகத் தேய்க்கலாம். எண்ணெய் ஊறிய பேடைத் தேய்த்தோ சுட்டோ காப்பாற்றுவது நிச்சயமில்லாத வேலை. பாறை விளிம்பில் நிற்பவர் அதை நம்பக் கூடாது, புதிது போடுங்கள்.