புழு குடல் பாக்டீரியா ப்ராஜெக்ட்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

முருங்கைல கம்பளிப்புழு, ஆமணக்கு வாழைல புரோடீனியாங்கிற இலை தின்னுற புழு, எருக்குழில காண்டாமிருக வண்டுப்புழுன்னு செடி கொடி தின்னுற பூச்சிக்கு நம்ம குமரி மாவட்டத்துல பஞ்சமே இல்ல, சாப்பாடு மாறினா குடல் பாக்டீரியா எப்படி மாறுதுன்னு பாக்க ரொம்ப தோதான ஊரு. ஆனா நிறைய பேரு ஒரே இடத்துல தான் வழுக்குறாங்க.

புழுவ அறுத்து குடல்ல பாக்டீரியாவ பாத்ததும் இதெல்லாம் அங்கயே குடியிருக்குதுன்னு எழுதிடாதீங்க. நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்ட்ல நிக்கிறவங்க எல்லாரும் வடசேரிக்காரங்களா என்ன? இலை மேல இருந்தது வாய் வழியா போயி சில மணி நேரத்துல எச்சமா வெளிய வந்துடும், அதுவும் பல புழுக்களோட நடுக்குடல்ல பிஎச் 10ஐ தாண்டும், அந்தக் காரத்துல தங்கி வளர்றது லேசுப்பட்ட காரியம் இல்ல. 2017ல வந்த ஒரு ஆய்வுல 124 வகை காட்டுப் புழுக்கள பாத்தாங்க, குடல்ல பாக்டீரியாவே ரொம்ப கம்மி, இருந்ததுலயும் பெரும்பகுதி இலையில இருந்து வந்தது தான். மாண்டூகா செக்ஸ்டாங்கிற புழுவுக்கு ஆன்டிபயாட்டிக் குடுத்து அதையும் குறைச்சுப் பாத்தாங்க, வளர்ச்சி பாதிக்கல.

அதனால புழு இருந்த அதே கிளையில இருந்து இலையையும் கழுவாம சாம்பிள் எடுங்க, இது இல்லாம ப்ராஜெக்டே இல்லன்னு நான் சொல்லுவேன். கொஞ்சம் புழுவ பட்டினி போட்டு குடல் காலியானப்புறம் என்ன மிஞ்சுதுன்னும் பாருங்க.

சீக்வென்சிங்ல, அதாவது டிஎன்ஏவ படிச்சு எந்த பாக்டீரியான்னு கண்டுபிடிக்கிறப்போ, இலைல பச்சையம் இருக்குற குளோரோபிளாஸ்டே சயனோபாக்டீரியாங்கிற ஒளிச்சேர்க்கை பாக்டீரியா வழி வந்தது தான, பாக்டீரியா டிஎன்ஏவ நகலெடுக்க போடுற 16எஸ் பிரைமர் இலையோட டிஎன்ஏவையும் சேத்து இழுத்துடும், அத வடிகட்டாம கிராஃப் போட்டா குடல் முழுக்க சயனோபாக்டீரியான்னு தப்பா வரும். பூச்சியே போடாத பிளாங்க் ஒண்ணும் கூடவே ஓட்டுங்க, பாக்டீரியா கம்மியான சாம்பிள்ல டிஎன்ஏ பிரிச்செடுக்கற கிட்ல இருக்குற டிஎன்ஏவே பெருசா தெரியும்.

இன்னொண்ணு, லேப்ல குடுக்கற செயற்கை உணவு. கெட்டுப்போகாம இருக்க அதுல பெரும்பாலும் ஸ்ட்ரெப்டோமைசின், ஃபார்மலின் மாதிரி ஏதாவது கலந்திருக்கும், அத தின்ன புழுவ தோட்டத்துப் புழுவோட ஒப்பிட்டா மாற்றம் இலையால வந்ததா மருந்தால வந்ததான்னு பிரிக்கவே முடியாது. ஒரே தாய் போட்ட புரோடீனியா முட்டைக்குவியல ரெண்டா பிரிச்சு பாதிக்கு ஆமணக்கு இலை, பாதிக்கு வாழை இலைன்னு போட்டு வளத்தா தான் கணக்கு சரியா வரும்.

இலை தின்னுற புழுவுக்கு வந்த முடிவ எல்லாப் பூச்சிக்கும் நீட்டாதீங்க. காண்டாமிருக வண்டோட புழுவுக்கு பின்குடல் உப்பிப்போய் பெருசா இருக்கும், மக்குன நாரு அங்க பாக்டீரியாவால தான் புளிக்குது. வாழை அசுவினில இருக்குற புக்னேராங்கிற பாக்டீரியா தாய்கிட்ட இருந்தே வர்றது, இருக்குறதும் குடல்ல இல்ல, தனி செல்லுக்குள்ள, அதனால அசுவினிய முழுசா அரைச்சு குடல் பாக்டீரியான்னு ரிப்போர்ட் போட்டுடாதீங்க.