தேய்ந்துபோன ராஜராஜன் காசை ரசித்துப் பார்ப்பது எப்படி?

தாத்தாவின் பழைய டப்பாவில் ராஜராஜ சோழன் (985–1014) காலத்துச் செப்புக்காசு ஒன்று இருந்தது. எங்கள் மும்பை மாட்டுங்கா வீட்டு டியூப்லைட்டில் ஒரு மாதம் திருப்பித் திருப்பிப் பார்த்தும் எனக்குக் கரும்பழுப்பு வில்லை மட்டும்தான் தெரிந்தது. கோளாறு வெளிச்சத்தில்தான் என்று பிறகுதான் புரிந்தது.

1. மேஜையில் துணி விரித்துக் காசை வையுங்கள். ஓரத்தைப் பிடித்தே எடுங்கள்.

2. அறை விளக்கை அணையுங்கள். ஃபோன் டார்ச்சை மேஜையோடு ஒட்டிப் படுக்கவைத்து, பக்கவாட்டில் மட்டும் வெளிச்சம் விழும்படி செய்யுங்கள். நேர் மேலிருந்து வரும் வெளிச்சத்தில் மேடும் பள்ளமும் ஒன்றுபோலத் தெரியும், பக்கத்திலிருந்து வந்தாலோ முடியளவு மேட்டுக்கும் நிழல் விழும். இனி டார்ச்சை அசைக்காமல் காசை மட்டும் மெதுவாகச் சுற்றுங்கள். முதலில் வேட்டி மடிப்பு, அப்புறம் கையில் பூ, அப்படியே ராஜா எழுந்து நின்றார். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை!

(பிறகு சேர்த்தது: உருவம் குழியாகத் தெரிகிறது என்று இருவர் எழுதியிருந்தார்கள். டார்ச் உங்கள் பக்கம் இருந்தால் அப்படித்தான் ஆகும், ஏனென்றால் வெளிச்சம் மேலிருந்து வருவதாகவே நம் கண் எடுத்துக்கொள்ளும். காசுக்கு அந்தப் பக்கம் வையுங்கள்.)

3. பத்து மடங்கு லென்ஸ் போதும். விளக்கு வைத்த அறுபது மடங்கு லென்ஸை வாங்காதீர்கள். கீறல்தான் தெரியும், உருவம் தெரியாது.

4. ஒரு பக்கம் நிற்கும் ராஜா, மறுபக்கம் அமர்ந்த உருவம், அதன் கைக்குக் கீழே நாகரி எழுத்தில் (இந்தி எழுத்தின் பழைய வடிவம்) ‘ஸ்ரீ ராஜராஜ’. முகச்சாயலைத் தேட வேண்டாம். சில கோடுகள், சில புள்ளிகள், அவற்றிலேயே காசடிக்கும் அச்சை வெட்டியவர் ஓர் ஆளை நிறுத்திவிட்டார். உயரமான இடம்தான் முதலில் தேயும். மேலிருந்த நுணுக்கம் போனபின் தோள், இடுப்பு, காலின் வளைவு என்று உருவத்தின் கட்டு மட்டும் மிஞ்சும். எனக்கு இதுதான் புதுக்காசைவிட அழகு. ஓரத்தில் எதையாவது காணோம் என்றால் தேய்மானம் என்று உடனே முடிவுகட்டாதீர்கள். அச்சு விலகி அடித்ததில் அது காசின்மேல் விழாமலேயே போயிருக்கலாம்.

5. பென்சிலால் வரையுங்கள். கை போகும்போதுதான் கண் தவறவிட்ட கோடு பிடிபடும்.

புளி போட்டுத் தேய்க்கலாமா என்று கேட்டவர்களுக்கு: வேண்டவே வேண்டாம். அந்தப் பழுப்புத் தோல்தான் செம்பைக் காக்கிறது, பளபளவென்று ஆக்கினால் கண் கூசி நிழலும் தெரியாது. வெளிர்பச்சைத் தூள் உதிர்கிற காசை மட்டும் மற்றவற்றிலிருந்து பிரித்து, ஈரத்தை உறிஞ்சும் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு மூடி வையுங்கள். மும்பை மழைக்காலத்தில் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.