மிஷின் பேசவில்லையா? சாப்ட்வேரை அழிக்காதீர்கள்

“அண்ணே, மிஷின் கனெக்ட் ஆகல. சாப்ட்வேரை அழிச்சிட்டு மறுபடி போட்டேன், அப்பவும் ஆகல.” காரைக்குடிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றிலிருந்து ஆராய்ச்சி மாணவர் ஒருவர் போன் செய்தார். போய்ப் பார்த்தேன். முந்தின நாள் பெருக்கித் துடைத்தவர் கம்ப்யூட்டரை நகர்த்தியிருக்கிறார். கழற்றிய யுஎஸ்பி வயரைத் திரும்பச் செருகும்போது பக்கத்து ஓட்டையில் செருகிவிட்டார். கருவி இருக்கும் போர்ட்டுக்கு (இணைப்பு வாசலுக்கு) கம்ப்யூட்டர் வைக்கும் பெயர் காம் 4 ஆக இருந்தது, காம் 7 ஆகிவிட்டது. சாப்ட்வேரோ காம் 4-லேயே கருவியைத் தேடிக்கொண்டிருந்தது. எண்ணை மாற்ற அரை நிமிடம். ஆனால் அழித்த சாப்ட்வேரோடு அந்த பொட்டென்ஷியோஸ்டாட்டின் (மின்வேதியியல் சோதனையில் மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தி மின்னோட்டத்தை அளக்கும் கருவி) கேலிபரேஷன் கோப்பும், அதாவது அதன் அளவுத் திருத்தக் கணக்கும், போய்விட்டது. அதைக் கம்பெனியிடம் கேட்டு வாங்கத்தான் நாளானது.

மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிற ஊர் இது. 1948-இல் அடிக்கல் நாட்டியது. அழகப்ப செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வரவழைத்தது. அதனால் இந்தப் பக்கம் மின்வேதியியல் படிக்கிற பிள்ளைகளுக்குக் குறைவில்லை. வேதியியலில் புலியாக இருப்பவர்கள்கூட ஒரு வயரிடம் தோற்றுப்போவதைத்தான் நான் அடிக்கடி பார்க்கிறேன்.

முதல் தவறு, சாப்ட்வேரிலிருந்து ஆரம்பிப்பது. கீழிருந்து மேலே வாருங்கள்: கரண்ட், வயர், போர்ட், டிரைவர் (கருவியோடு பேச விண்டோஸுக்குக் கற்றுக்கொடுக்கும் சின்ன புரோகிராம்), கடைசியாகத்தான் சாப்ட்வேர். விண்டோஸில் இணைந்த கருவிகளின் பட்டியலைக் காட்டும் டிவைஸ் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு வயரைக் கழற்றிச் செருகுங்கள். பட்டியலில் ஒரு வரி மறைந்து திரும்ப வந்தால் அதுதான் உங்கள் போர்ட், எண்ணும் அங்கேயே இருக்கும். எதுவுமே அசையவில்லை என்றால் வயரை மாற்றிப் பாருங்கள். செல்போன் சார்ஜருடன் வந்த வயரைக் கருவிக்குப் போடுகிறவர்கள் உண்டு. அவற்றில் சிலவற்றில் கரண்ட் மட்டும்தான் போகும், டேட்டா போகாது.

பழைய ஒன்பது பின் சீரியல் போர்ட் உள்ள கருவியை யுஎஸ்பியில் மாட்ட உதவுவது யுஎஸ்பி-சீரியல் கன்வெர்ட்டர். விலை மலிவான கன்வெர்ட்டர்கள் பலவற்றில் சிப்புக்கென்று தனி எண் கிடையாது. ஓட்டை மாறினால் விண்டோஸ் அதைப் புதிய ஆளாக நினைத்து புது எண் கொடுத்துவிடும். பழைய சாப்ட்வேர் சில, காம் 9-க்கு மேல் பார்க்கவே பார்க்காது. எந்த ஓட்டையில் எந்த வயர் என்று ஸ்டிக்கர் ஒட்டி வையுங்கள். இரண்டு ரூபாய் வேலை.

கன்வெர்ட்டர் மேல் சந்தேகம் வந்தால் உடனே கடைக்கு ஓட வேண்டாம். கருவியிலிருந்து அதைக் கழற்றிவிடுங்கள். ஒன்பது பின் இருக்கும் முனையில் இரண்டாம் பின்னையும் மூன்றாம் பின்னையும் ஒரு சின்னக் கம்பியால் இணையுங்கள். மூன்று அனுப்புவது, இரண்டு வாங்குவது. ‘புட்டி’ போன்ற ஒரு டெர்மினலில் (தட்டுகிற எழுத்தை போர்ட்டுக்கு அனுப்பி, வருவதைத் திரையில் காட்டும் புரோகிராம்) அந்த போர்ட்டைத் திறந்து, அதன் செட்டிங்கில் லோக்கல் எக்கோவையும் (தட்டியதை அதுவே திரையில் காட்டுவது) ஃப்ளோ கன்ட்ரோலையும் (மறுமுனை சம்மதிக்கும்வரை காத்திருப்பது) அணைத்துவிட்டு ஓர் எழுத்தைத் தட்டுங்கள். அதே எழுத்து திரையில் வந்தால் டிரைவர், போர்ட், கன்வெர்ட்டர் மூன்றும் நலம். கோளாறு அதற்கு அப்பால். இதைக் காட்டிக்கொடுத்ததும் பிள்ளைகள் முகத்தில் வரும் சந்தோஷம் இருக்கிறதே, எனக்கு அதுவே பாதிக் கூலி.

அப்பால் என்றால் பெரும்பாலும் கேபிள். நேர் கேபிளும் இரண்டும் மூன்றும் குறுக்கே மாறிய கேபிளும் வெளியே பார்த்தால் ஒரே மாதிரி இருக்கும். கருவியோடு வந்ததைத் தொலைத்துவிட்டு வேறு ஒன்றை மாட்டினால் கருவி வாயே திறக்காது. ஏதோ வருகிறது ஆனால் குப்பையாக வருகிறது என்றால் வேகம் பொருந்தவில்லை: கருவியில் 9600, கம்ப்யூட்டரில் 19200 என்று இருக்கும். ‘போர்ட் ஏற்கெனவே பயன்பாட்டில்’ என்று வந்தால், நீங்கள் சோதிக்கத் திறந்த டெர்மினலை மூட மறந்திருப்பீர்கள்.

லேன் வயரில் இயங்கும் கருவி என்றால் கம்ப்யூட்டரின் ஐபி முகவரியைப் பாருங்கள். 169.254 என்று ஆரம்பித்தால், யாரும் முகவரி தராததால் அது தனக்குத்தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று அர்த்தம். கருவி 192.168.0.10 என்றால் கம்ப்யூட்டருக்கு 192.168.0.20 மாதிரி ஒன்றைக் கையால் கொடுங்கள். வைஃபையும் அதே 192.168.0 முகவரி வரிசையில் இருந்தால் அதை அணைத்துவிடுங்கள்; இல்லாவிட்டால் செய்தி வேறு வாசல் வழியாகப் போய்விடும்.

ராத்திரி முழுக்க ஓட வேண்டிய பேட்டரி சோதனை விடிகாலை மூன்று மணிக்கு நின்று போனால் கருவியைத் திட்டாதீர்கள். கம்ப்யூட்டரின் ஸ்லீப், யுஎஸ்பிக்கு கரண்டை நிறுத்தும் வசதி, தானாக நடக்கும் அப்டேட், மூன்றையும் முன்பே அடக்கி வையுங்கள்.

நம் பக்கத்துக்கே உரிய ஒன்று எர்த். செம்மண்ணும் செம்புறைக் கல்லுமாக இருக்கிற பூமி. சித்திரை, வைகாசியில் ஊருணியே வற்றிக் கிடக்கும்போது எர்த் குழி மட்டும் ஈரமாகவா இருக்கும்? காய்ந்தால் எர்த் பலவீனமாகும். மாசியில் ஒழுங்காக ஓடிய கருவி அக்னி நட்சத்திரத்தில் விட்டு விட்டுத் துண்டிக்கும். லேப்டாப் சார்ஜரைக் கழற்றினால் சரியாகிறது, மாட்டினால் கெடுகிறது என்றால் முதல் சந்தேகம் அங்கேதான். எலக்ட்ரீஷியனை வைத்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே அளக்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டினால் குழிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள், கரியும் உப்பும் பழசாகியிருந்தால் மாற்றச் சொல்லுங்கள். எர்த் பின்னை உடைத்துவிட்டு ஓட்டுவது மட்டும் வேண்டவே வேண்டாம், உயிர் சம்பந்தப்பட்டது.

அப்புறம், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். வயர், போர்ட், டிரைவர் மூன்றையும் சேர்த்து மாற்றி கருவி ஓடிவிட்டால், எதனால் ஓடியது என்று யாருக்கும் தெரியாது. அடுத்த மாதம் மறுபடி எனக்குத்தான் போன் வரும். பேரேடு எழுதிப் பழகிய சீமை இது. கருவிக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு வைத்து போர்ட் எண், வேகம், ஐபி, டிரைவர் பதிப்பு நான்கையும் நன்றாக ஓடுகிற நாளிலேயே எழுதி வையுங்கள். கேலிபரேஷன் கோப்புக்கும் அன்றைக்கே ஒரு நகல்.

ஐப்பசி இடி மழை ஆரம்பித்தால் பவர் பிளக்கை மட்டும் பிடுங்கிவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள். மாடியிலிருந்து இறங்கி வரும் நீளமான லேன் வயரையும் கழற்றிவிடுங்கள். மின்னல் அந்த வழியாகவும் உள்ளே வரும்.