ஐலா தீவின் விஸ்கி வடிசாலைகளைச் சுற்றிப் பார்ப்பது எப்படி?

ஸ்காட்லாந்தின் ஐலா தீவுக்குப் போக நினைப்பவர்கள் முதலில் வடிசாலை டிக்கெட்டைத்தான் தேடுவார்கள். நான் சொல்வது, முதலில் கப்பலைப் பிடியுங்கள். ஸ்காட்லாந்துப் பெருநிலத்தில் உள்ள கென்னாக்ரெய்க் துறையிலிருந்து கால்மாக் நிறுவனத்தின் ஃெபர்ரி காரோடு ஏற்றிக்கொண்டு போகும். பயணம் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். கோடையில் கார்களுக்கான இடம் சீக்கிரமே நிரம்பிவிடும். அது உறுதியான பிறகு மற்றதைப் பார்க்கலாம்.

இரண்டாவது, சாலை. கிளாஸ்கோவிலிருந்து லோமண்ட் ஏரிக்கரையோரமாக, இன்வரேரி வழியே துறைக்குப் போக மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் போல இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும். தீவின் ஒற்றைத்தடச் சாலைகளில் எதிரே வண்டி வந்தால் ஒதுங்குமிடத்தில் நின்று வழிவிடுங்கள். கடந்து போகிறவர் ஸ்டீயரிங்கிலிருந்து விரலைத் தூக்கி வணக்கம் சொல்வார், நீங்களும் சொல்லுங்கள்.

மூன்றாவதுதான் முக்கியம்: ஓட்டுகிறவர் குடிக்கக் கூடாது. ஸ்காட்லாந்தில் 2014 டிசம்பரிலிருந்து 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 50 மில்லிகிராம் ஆல்கஹால்தான் வரம்பு. இங்கிலாந்தில் 80. ஒரு சுற்று ருசி பார்த்தாலே அதைத் தாண்டிவிடலாம். காரோட்டி என்று முன்பே சொன்னால், பல வடிசாலைகளில் அவர் பங்கைச் சின்னக் குப்பியில் ஊற்றிக் கொடுத்துவிடுவார்கள். ராத்திரி அறையில் நிதானமாகக் குடிக்கலாம்.

இன்னும் நல்ல வழி, தீவில் உள்ள போர்ட் எலன் ஊரில் தங்கிக் காரை அங்கேயே விட்டுவிடுவது. அங்கிருந்து லஃப்ராய்க், லகவூலின், ஆர்ட்பெக் ஆகிய மூன்று வடிசாலைகளும் ஒரே நடைபாதையில் வரிசையாக இருக்கின்றன. ஆர்ட்பெக் வரை சுமார் 5 கிலோமீட்டர். ஆனாலும் ஒரு நாளைக்கு இரண்டு வடிசாலைகளுக்கு மேல் பதிவு செய்யாதீர்கள். மூன்றாவதில் நாக்கு மரத்துப்போகும்.

லஃப்ராய்க்கில் அவசரப்படாதீர்கள். தேவையான பார்லியில் ஒரு பகுதியை இன்றும் தரையில் பரப்பித்தான் முளைகட்டுகிறார்கள். வேர்கள் பின்னிக்கொள்ளாமல் இருக்க அடிக்கடி புரட்டிவிட வேண்டும். அப்புறம் முளைத்த மணியை உலர்த்தும் சூளை. அடியில் எரிவது பீட், அதாவது சதுப்பு நிலத்தில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மட்கிய செடிகொடி. கேட்டுவிட்டு, காய்ந்த மணி ஒன்றைக் கடித்துப் பாருங்கள். முதலில் புகை, பிறகு இனிப்பு. செப்புக் கலனில் வடித்து, ஓக் பீப்பாயில் பத்து வருடம் கிடந்த பிறகும் அந்தப் புகைதான் கோப்பையில் எழுந்து வருகிறது. இதைக் கண்ணால் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் வருகிறோம்.

வடிசாலைகள் பராமரிப்புக்காகச் சில வாரங்கள் உற்பத்தியை நிறுத்துவது உண்டு, பெரும்பாலும் கோடையில். பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, ருசிக்கும் மேசை. வாயை லேசாகத் திறந்து, மெதுவாக முகருங்கள். ஒரு மிடறை நாக்கில் நிறுத்திவிட்டு விழுங்குங்கள். அப்புறம் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு மறுபடி முகருங்கள். முன்பு தெரியாத வாசம் ஒன்று மேலே வரும்.