உறக்கத்தில் வரும் வலிப்பு: மருத்துவரை அணுகும் முறை

நாக்கின் ஓரத்தில் கடிபட்ட காயம், நனைந்த படுக்கை, காரணம் தெரியாத உடல்வலி, விழித்த பின்னும் நீங்காத குழப்பம் ஆகியவற்றோடு வளர்ந்த ஒருவர் எழுந்தால், இரவில் அவருக்கு வலிப்பு வந்திருக்கலாம் என்று ஐயுற்று, தள்ளிப்போடாமல் நரம்பியல் மருத்துவரை அணுக வேண்டும்.

நோயாளிக்கு நடந்தது நினைவிருக்காது என்பதால், அருகில் உறங்குபவர் கண்டதே முதன்மையான சான்று. அவரையும் தவறாமல் உடன் அழைத்துச் செல்லுங்கள். வலிப்பு வரும்போது அவர் நோயாளியை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். மற்றொருவர் இருந்தால் கைபேசியில் காணொளி எடுக்கலாம். கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதால் பயனில்லை. வாயில் எதையும் வைப்பதோ ஆபத்து. 5 நிமிடங்களுக்கு மேல் நீடித்தாலும், நினைவு திரும்புமுன் மீண்டும் வந்தாலும், உடனே 108-ஐ அழையுங்கள்.

மருத்துவர் ரத்தச் சர்க்கரை, சோடியம், மூளையைப் படமெடுக்கும் எம்.ஆர்.ஐ., மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. ஆகிய பரிசோதனைகளைப் பரிந்துரைக்கலாம். விழித்திருக்கையில் எடுத்த இ.இ.ஜி. இயல்பாக இருப்பதாலேயே வலிப்பு நோய் இல்லை என்று ஆகிவிடாது. உறக்கத்திலும் பதிவு செய்ய வேண்டுமா என்று கேளுங்கள். மருத்துவர் அனுமதிக்கும்வரை வாகனம் ஓட்டுவதையும் தனியாக நீந்துவதையும் தவிர்ப்பதோடு, தொடங்கிய மாத்திரைகளைத் தாமாக நிறுத்தவும் கூடாது.